பாக்கி நிற்கும் குழி

எங்கள் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் சேருவது எளிது. விலகுவதற்குத்தான் யாராவது சாக வேண்டும்.

மிகைப்படுத்தவில்லை. சாவு விழுந்தால் குழி வெட்ட நான்கு பேர் முறை வைத்துப் போவோம். ஊரை விட்டுப் போகிறவர் கடைசியாக ஒரு முறை குழி வெட்டிக் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் எழுந்து விடை கேட்பார். எல்லாரும் "போயிட்டு வாங்க" என்றால் மரியாதையாக விலகியதாக அர்த்தம். அப்புறம் அவர் எங்கே கண்ணை மூடினாலும், மலைக்குக் கொண்டுவந்தால் சங்கத்து ஆட்கள் தோள் கொடுப்பார்கள். சொல்லாமல் போனவருக்கு அது கிடையாது. என் அப்பாவும் அம்மாவும் தேயிலைக்கு மேலே அந்தச் சரிவில்தான் கிடக்கிறார்கள். எனக்கும் அங்கேயே ஓர் இடம் வேண்டும்.

மனைவிக்கு வத்தளைக்கு வேலை மாற்றம் வந்தது. ஹட்டனில் நான் படிப்பித்த பள்ளிக்கூடம் என்னைச் சந்தோஷமாகவே விட்டுவிட்டது. சங்கம்தான் விடவில்லை. மாதங்கள் போயின, தோட்டத்தில் ஒருவரும் சாகவில்லை. யாராவது இருமினால் என் காது நிமிர்ந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிமிர்ந்தது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு மாமாவுக்கு நெஞ்சுச் சளி. என் நிலைமை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன தம்பி, என்னையே பாக்குறீங்க?"

"சும்மாதான் மாமா. ஒடம்பு எப்படி இருக்கு?"

"மன்னிச்சுக்கங்க. இன்னைக்கு நல்லா இருக்கு."

கடைசியில் சாமான் ஏற்ற லொறிக்கும் சொல்லியாயிற்று. கோயில் மண்டபத்தில் கூட்டம். நான் எழுந்து, படித்தவன் என்ற தைரியத்தில் ஒரு யோசனை சொன்னேன்: குழியை இப்போதே வெட்டி வைத்துவிட்டுப் போகிறேனே?

முன்கூட்டி வெட்டிய குழி ஆள் கேட்கும் என்பது எங்கள் தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவசரத்தில் மறந்துவிட்டது.

"யாருக்குன்னு சொல்லிட்டு வெட்டுங்க சேர்" என்றார் தலைவர். பொகவந்தலாவையில் ஆட்டோ ஓட்டுகிறவர், எதையும் நிதானமாகவே சொல்வார்.

"சேர் வெட்டுற குழியில கோழியக்கூட பொதைக்க ஏலாது" என்று பின்னாலிருந்து ஓர் அக்கா. மண்டபமே சிரித்தது. போன முறை நான் குழி தோண்டும் அலவாங்கைப் பிடித்த அழகைப் பார்த்துவிட்டு, மற்ற மூவரும் என்னைத் தேத்தண்ணி ஊற்ற அனுப்பியது உண்மைதான்.

சிரிப்பு ஓய்ந்ததும் மாமா எழுந்தார். அவர் இருமி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தோம்.

"தம்பிய விட்டுருங்கப்பா. அவரு முறை எனக்கு இருக்கட்டும். எங்க இருந்தாலும் வந்து எனக்கு வெட்டிக் குடுக்கணும். அதுவரைக்கும் சங்கத்துல அவரு பேரு நல்லபடியா நிக்கட்டும்."

"ஒங்க குழி கோணலாத்தான் இருக்கும் மாமா" என்றார் தலைவர்.

"படுக்கப்போறவன் நானு. ஒனக்கென்ன?"

"போயிட்டு வாங்க சேர்" என்றது மண்டபம். பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகும் பேசுகிறவன் நான். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட மட்டும்தான் முடிந்தது.

வத்தளைக்கு வந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மாடிவீட்டுப் பல்கனியில், மனைவியின் ரோஜாச் சட்டிகளுக்குப் பின்னால், ஒரு மம்பட்டி சாத்தியிருக்கிறது. வருகிறவர்கள் தோட்டம் எங்கே என்று கேட்கிறார்கள்.

ஞாயிறுதோறும் மாமாவுக்குப் போன் எடுக்கிறேன். முதலில் இருமல் கேட்கும், அப்புறம்தான் அவர்.

"ஒங்களுக்கு இன்னும் வேலை வரல தம்பி."

"அவசரமே இல்ல மாமா" என்கிறேன்.

என் வாழ்நாளில் எத்தனையோ வேலைகளைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். இவ்வளவு மனதார எதையும் தள்ளிப்போட்டதில்லை.