சயாமில் போட்ட கையெழுத்து

நான் படித்தது ஆறாம் ஆண்டு வரை. தமிழ் வாசிப்பேன். மலாய் ஓரளவு வாசிப்பேன். சயாம் எழுத்து, தாய்லாந்துக்காரர் எழுதுவது, தெரியாது. நடந்ததற்கு அதுதான் காரணம் என்று காற்பந்துச் சங்க ஆபீசில் சொன்னார்கள். அது மட்டும் இல்லை.

பக்கத்து நாடுகள் சேர்ந்து ஒரு காற்பந்துப் போட்டி வைக்கின்றன. அவரவர் நாட்டு லீக்கில் ஆடுகிறவன்தான் அதில் ஆடலாம். வெளிநாட்டு கிளப்பில் பேர் இருந்தால் கிடையாது. என்னைப் போல உள்ளூரிலேயே கிடக்கிறவன் நாட்டுச் சட்டை போட அது ஒன்றுதான் வழி. எனக்கு வயது முப்பத்தொன்று. அடுத்த போட்டி வரும்போது கால் இருக்காது.

கோச் போன் பண்ணினார். இடது பேக் நீதான், பேர் கொடுத்தாச்சு என்றார். கோலா கெத்தில் டவுனில் நான் சாப்பிடும் கடைக்காரர் என் படத்தை வாங்கி கல்லாவுக்கு மேலே ஒட்டினார்.

எங்கள் எஸ்டேட்டிலேயே இன்னொரு ஆட்டக்காரன் இருந்தான். என்னைவிட ஐந்து வயது சின்னவன். அதே கிளப், தடுப்பில் அதே இடது பேக் இடம். நான் ஆடினால் அவன் பெஞ்ச். ஆறு வருஷம் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் பயிற்சிக்கு வந்தான். நாட்டு டீமிலும் எனக்கு அடுத்த பேர் அவனுடையது.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு டீமுக்கு ஆள் குறைந்தால், யார் கூப்பிட்டாலும் போய் ஆடிக் கொடுப்போம். ஏன் எதற்கு என்று கேட்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். வலது காலில் கட்டு.

"அண்ணே, சயாம்ல ஒரு ஆட்டம். நான் வரேன்னு சொல்லிட்டேன். கணுக்கால் பிசகிருச்சு லா. எனக்குப் பதிலா நீங்க ஆடிக் குடுங்க."

"நாட்டு டீமுக்குப் போற நேரத்துல அடி பட்டா?"

"உங்களை அடிக்கணும்னா முதல்ல பிடிக்கணும்லண்ணே."

சிரித்தேன். இரண்டு பேரும் போனோம்.

பாலிங் டவுன் தாண்டி சயாம் எல்லை. அந்தப் பக்கம் போனதும் பேச்செல்லாம் அவன்தான். முன்பு அங்கே டுரியான் பழம் ஏற்றிக்கொண்டு போய் விற்றவன், சயாம் பேசவும் வாசிக்கவும் தெரியும். ஆட்டத்துக்கு முன்னால் ஒருவர் தாள் நீட்டினார். எல்லாம் சயாம் எழுத்து.

"என்னடா இது?"

"ஆட வந்தவங்க பேரு எழுதுறாங்க லா. அடிபட்டா இன்சூரன்ஸ் வேணாமா?"

கையெழுத்துப் போட்டேன். பெருவிரலும் வைத்தேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்தபடி, "தாளைத் தூக்கிப் பிடிங்கண்ணே, ஒரு படம்" என்றான். பிடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி மலாய்க்காரர், மரியாதையான ஆள். அவர் போனில் அந்தப் படம் இருந்தது.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமா."

"இது அந்த ஊர் கிளப்பில் சேரும் விண்ணப்பப் பாரம். விசாரித்தோம், பேர் ஏறிவிட்டது."

"ஒரு நாள்தான் ஆடினேன்."

"கால் ஒரு நாள் ஆடியது. பேர் இன்னும் அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறது."

பேரை எடுக்க ஒரு மாதம் ஆகும் என்றார். பட்டியல் வெள்ளிக்கிழமை மூடுகிறது. யார் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. படத்தின் கீழ் ஓரத்தில், படம் எடுத்தவனுடைய கால் தெரிந்தது. ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர் செருப்பு. வலது கணுக்காலில் வெள்ளைக் கட்டு.

என் இடத்தில் அவன் போனான்.

வீட்டில் சொன்னேன். மனைவி சட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். கடையில் கல்லாவுக்கு மேலே இப்போது அவன் படம். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் டீ ஊற்றினார். கேட்காமலே ஒரு வடையும் வைத்தார்.

ஆட்டங்களை அந்தக் கடை டிவியில் பார்த்தேன். மூன்றுதான் ஆடினோம், வெளியே வந்துவிட்டோம். அவன் மோசமாக ஆடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். தேசிய கீதம் வந்தபோது நெஞ்சில் கை வைத்து நின்றான். சட்டை அவனுக்கு அளவாக இருந்தது.

படத்தை ஏதோ ஆசையில் அனுப்பியிருப்பான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டிக்கொண்டு போனது உண்மை, கால் பிசகியது உண்மை, அப்புறம்தான் புத்தி மாறியது என்று. ஆறு வருஷம் பின்னால் உட்கார்ந்தவனைப் பற்றி அதற்கு மேல் நினைக்க வரவில்லை.

திரும்பி வந்த மறுவாரம் வீட்டுக்கு வந்தான். பையில் அந்தச் சட்டை.

"வச்சுக்குங்கண்ணே. நியாயமா உங்களுது."

நான் வாங்கவில்லை. மேசை மேல் வைத்தான். உட்காரச் சொன்னேன்.

"கணுக்கால் எப்படிடா இருக்கு?"

"இன்னும் லேசா இருக்குண்ணே. அன்னைக்குப் பிசகினது."

சொல்லிக்கொண்டே குனிந்து தடவினான். இடது காலை.

நான் அந்தக் காலையே பார்த்தேன். அவனும் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான்.

சட்டையை மடித்துப் பையில் போட்டு அவன் கையில் கொடுத்தேன். வாசல் வரை போனேன். நடந்துதான் வந்திருந்தான். என் மோட்டார் அங்கேதான் நின்றது. ஏறு என்று சொல்லவில்லை.