ஆடிக் காற்றும் ஒரு கீரைக்கடையும்

புதுச் சந்தைக் கட்டடம் திறந்த முதல் வாரத்திலேயே பாக்கியம் அக்கா கீரைக்கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். வாசலில் நான் நின்றிருந்தேன்.

“இன்ஜினியரம்மா, நீங்க கட்டுன கட்டடம் நல்லாத்தான் இருக்கு. எங் கீரைக்குத்தான் ஒத்துக்கல. நான் பழையபடி ரோட்டுக்கே போறேன்.”

திண்டுக்கல் வெயிலில் மின்விசிறி இல்லாமல் உட்காரக்கூடிய ஒரு சந்தை என்பது என் நெடுநாள் கனவு. மேற்குச் சுவர் முழுக்கச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலி வைத்தேன். கூரையின் உச்சியில் நீளத்துக்கு ஒரு திறப்பு விட்டேன். கன்னிவாடி மலைப்பக்கமிருந்து வரும் காற்று ஜாலி வழியாக நுழையும், சூடேறிய காற்று உச்சி வழியாகப் போய்விடும். டிராயிங்கில் அந்தக் காற்றை நீல அம்புகளாகப் போடும்போதே முகத்தில் படுவதுபோல இருக்கும். இப்போது ஒருவர் வெளியேறினால் மற்றவர்களும் பின்னாலேயே போவார்கள். அப்புறம் கட்டடம் வண்டி நிறுத்தத்தான் ஆகும்.

“ஒரு நாள் பொறுங்கக்கா.”

“ஒரு நாளுதான், ஆமா.”

அவர் கடை ஜாலியை ஒட்டி இருந்தது. ஆடிக் காற்று மனிதர்களுக்குச் சுகம்தான். ஆனால் வறண்ட காற்று. தண்ணீர் தெளிக்கத் தெளிக்க உலர்ந்து, வெயில் ஏறும் முன்பே கீரை துவண்டுவிடும். எதிரே வடக்கு மூலையில் வெயிலும் வராது, காற்றும் மந்தம். அங்கே ரெட்டியார்சத்திரம் செல்வராசு அண்ணன் சின்ன வெங்காயம் குவித்திருந்தார். அது வேர்த்து மெத்துப்போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் இடம் மாறிக்கொண்டால் போதும். குலுக்கல் போட்டுக் கடைகளை ஒதுக்கிய சந்தை ஆபீஸிலும் தடை சொல்லவில்லை.

செல்வராசு அண்ணன்தான் அசையவில்லை.

“குலுக்கல்ல சாமி குடுத்த எடம்மா இது. ராசியான எடம்.”

“வெங்காயம் அழுகுதேண்ணே?”

“அது வெங்காயத்தோட கொணம். எடத்தக் கொற சொல்லாதீக.”

நான் பாக்கியம் அக்கா கடைப் பக்கம் திரும்பி நடந்தேன்.

சாயங்காலம் கடைகடையாகச் சாம்பிராணி போடுகிறவர் வந்தார். சாய்ந்த வெயில் ஜாலியின் கண்களில் நுழைந்து தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. பாக்கியம் அக்கா கடையில் புகை எழுந்ததும் காற்று அதை மெல்ல இழுத்துக்கொண்டு, தராசுகளுக்கும் தலைகளுக்கும் மேலே நீந்தவிட்டு, உச்சித் திறப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான் தாளில் போட்ட அம்புகள் கண்ணெதிரே நடந்துபோயின. எனக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு நேரம் அண்ணாந்து நின்றேன் என்று தெரியவில்லை.

செல்வராசு அண்ணன் கடையில் அதே புகை வெங்காயக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துகொண்டது. அவருக்கு இருமல் வந்துவிட்டது.

“போதும்ப்பா, போதும்! இங்க மட்டும் ஏன் போக மாட்டேங்குது?”

“போறதுக்குக் காத்து வேணும்ல. உங்க வெங்காயமும் நாள் பூரா இப்படித்தாண்ணே மூச்சு முட்டிக் கெடக்கு” என்றேன்.

அவர் ஒரு வெங்காயத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தார். பாக்கியம் அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“ராசி தரையிலயாண்ணே இருக்கு? தராசத் தூக்கிட்டு வாங்க, அதுவும் கூடவே வரும்.”

செல்வராசு அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காலைல மாத்திக்கிருவோம். ஏவாரம் படுத்துச்சுன்னா ஒன்னயத்தான் கேப்பேன், பாக்கியம்.”

மறுநாள் மதியம் பயந்துகொண்டேதான் போனேன். ஜாலி ஓரத்தில் வெங்காயச் சருகு காற்றில் பறந்துகொண்டிருந்தது. மூலையில் கீரைக்கட்டுகள் ஈரம் காயாமல் நிமிர்ந்து நின்றன. பக்கத்தில் பாக்கியம் அக்கா சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

செல்வராசு அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ரோட்டுல இருந்தப்ப இந்தப் பிள்ள பகல்ல கண்ண மூடி நான் பாத்ததில்லம்மா. நெழலு நகர நகர கூடையும் நகரும், இதுவும் நகரும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். காற்றுக்கு வழி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள். அது யார்மேல், எந்தப் பொருளின்மேல் படுகிறது என்று கட்டடம் திறந்த பிறகும் போய்ப் பாருங்கள்.

அன்று எனக்கு ஒரு கட்டு அரைக்கீரை வேண்டியிருந்தது. பாக்கியம் அக்காவை எழுப்ப மனம் வரவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன்.