மஸ்கட்டில் ஆப்பரா பார்த்த மாலை

மஸ்கட்டில் என் கணவர் வேலை பார்க்கும் கடையின் மேனேஜர்தான் அந்த இரண்டு டிக்கெட்டுகளையும் தந்தார். அவரும் மனைவியும் போவதாக இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால், நான் ஊரிலிருந்து வந்திருப்பதை நினைவு வைத்து இவருடைய போனுக்கு அனுப்பிவிட்டார்.

நான் திருமயத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அரையாண்டு லீவில் பாப்பாவை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, விசிட் விசா எடுத்து இவரைப் பார்க்கப் போயிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் குடும்பம் பாதி எங்கள் ஊரான அரிமளத்திலும் பாதி போனிலுமாகத்தான் நடக்கிறது. ஆப்பரா என்றால் யாரோ வாயை அகலத் திறந்து கத்துவார்கள் என்பதற்கு மேல் எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆண்கள் கோட் போட்டு வரவேண்டும் என்று டிக்கெட்டில் இருந்தது. அறை நண்பர் ஒருவரின் கோட்டை இரவல் வாங்கினோம். கை கொஞ்சம் குட்டை. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். பளிங்குப் படிகளில் ஏறும்போது இவர் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“இத்தன வருசமா இந்த வழியாத்தான் வேன்ல போறேன். உள்ள வந்து பாக்கணும்னு தோணவே இல்ல பாரு.”

உட்கார்ந்ததும் மேடைக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் வாத்தியக்காரர்கள் ஆளுக்கொரு பக்கமாக இழுத்து வாசித்தார்கள். ஒன்றோடு ஒன்று சேரவே இல்லை.

“ஆரம்பிச்சுட்டாங்களா?” என்று இவர் காதோரம் கேட்டார்.

“இதுதான் போலருக்குங்க,” என்றேன். இதற்கா இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. பிறகுதான் அது சுருதி சேர்ப்பது என்று புரிந்தது. ஒருவர் வந்து கும்பிடுவதுபோல் குனிந்தார், எல்லோரும் கைதட்டினார்கள், நாங்களும் தட்டினோம். திரை விலகியது.

எங்களை முதலில் அசர வைத்தது குரல்தான். எங்கள் பக்கம் திருவிழா நாடகத்துக்குப் பனைமரத்து உயரத்தில் ஸ்பீக்கர் குழாய் கட்டுவார்கள். இங்கே மைக்கே இல்லை. கதாநாயகியாக வந்த பெண் மேடையின் ஓரத்தில் திரும்பி நின்று மெதுவாகப் பாடியதும், பின்வரிசையில் இருந்த எனக்குப் பக்கத்தில் நின்று பாடுவதுபோல் கேட்டது.

ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் ஒரு சின்னத் திரையில் பாட்டின் அர்த்தம் ஆங்கிலத்தில் ஓடியது. நான் படித்து இவருக்குக் கிசுகிசுத்தேன். கல்யாணமான கையோடு ஒருவன் சண்டைக்குப் போகிறான். பல வருடம் கழித்துத் தாடியும் கந்தலுமாக வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். மனைவிக்கு அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்து, ‘வழியில் என் வீட்டுக்காரரைப் பார்த்தீர்களா?’ என்று கேட்கிறாள். அவனோ பதில் சொல்லாமல் பாடுகிறான். பாடிக்கொண்டே இருக்கிறான்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நாந்தான்னு ஒரு வார்த்த சொன்னா என்னவாம்?” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சரியாக அந்த நேரம் பாட்டு நின்றிருந்தது. முன்வரிசையில் நாலைந்து தலைகள் திரும்பின. அதில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வாயைப் பொத்திச் சிரித்து, “நானும் அதத்தாங்க நெனச்சேன்,” என்றார், தமிழில். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

இவர் சிரிக்கவில்லை. இடைவேளையில் வெளியே வந்து, காப்பி வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றபோதுதான் பேசினார்.

“சொல்றது ஒண்ணும் லேசு இல்ல. பாப்பாவுக்கு மூணு வயசு இருக்கையில திருச்சி ஏர்போர்ட்ல எறங்குனேனே, ஞாபகம் இருக்கா? ஒன் சேலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, ‘யாரும்மா இவங்க?’ன்னு கேட்டுச்சு. எனக்கு அப்பான்னு சொல்ல வாய் வரல.”

பொம்மைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இவர் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் இத்தனை வருடத்தில் அதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. போனில் பேச எப்போதும் வேறு ஏதாவது இருந்தது.

“அங்கிட்டு ஒளிஞ்சுச்சு, சரி. கார்ல ஏறுனதும் ஒங்க மடியிலதான தூங்குச்சு?” என்றேன்.

“ஆமா,” என்றவர் முகம் மலர்ந்தது. “கீரனூர் தாண்டல, அதுக்குள்ள தூங்கிருச்சு. சட்டையெல்லாம் எச்சி.”

மணி அடித்தது. உள்ளே போனோம். இரண்டாம் பாதியில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் உடனே ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே, தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கி மேலே மேலே போனாள். நான் திரையில் படிப்பதை விட்டுவிட்டேன். இவரும் அர்த்தம் கேட்கவில்லை. இவர் கை என் கைமேல் இருந்தது. எப்போது வைத்தார் என்று தெரியாது. எங்கள் ஊரில் நாலு பேர் நடுவில் நாங்கள் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

முடிந்ததும் அரங்கமே எழுந்து தட்டியது. உள்ளங்கை எரியும்வரை நாங்களும் தட்டினோம்.

பசி எடுத்திருந்தது. டாக்சி பிடித்து ரூவியில் ஒரு தமிழ்க் கடைக்குப் போய் நெய்ரோஸ்ட் சொன்னோம். கொண்டு வந்தவர் தென்காசிக்காரர். “என்னண்ணே, கல்யாணமா?” என்றார். “ஒக்காருப்பா, சொல்றேன்,” என்று இவர் முதலிலிருந்து கதையை ஆரம்பித்தார். அந்தப் பெண் பாடிய இடத்தைப் பாடியே காட்டப் பார்த்தார். கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். ரோஸ்ட் ஆறிக்கொண்டிருந்தது. என்னுடையதைச் சாப்பிட்டுவிட்டு, இவருடையதையும் என் பக்கம் இழுத்துக்கொண்டு, இவருக்குச் சூடாக இன்னொன்று சொன்னேன்.