எதிரணி இல்லாத மைதானம்

சிசிலித் தீவின் பலெர்மோக்காரருக்கு வலைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாது. தேவாலயங்களின் பின்முற்றத்தில் எங்கள் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கிறவர்கள், பலகை இல்லாத கம்பத்தையும், பந்தைத் தரையில் தட்டாமல் நின்ற இடத்திலிருந்தே எறிவதையும் கண்டு, கூடைப்பந்தை யாரோ பாதியில் விட்டுவிட்டுப் போனது போல இருக்கிறது என்பார்கள். ஆகவே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு எதிரணி வேண்டுமென்றால் இன்னொரு தமிழ்ப் பள்ளிக்கூடம்தான் வர வேண்டும். சிவமலர் நடுவராக இருந்த காலம் முழுவதும் அது அப்படித்தான் நடந்தது.

சிவமலர் இலங்கையின் வன்னியில் பிறந்தவள். பள்ளிக்கூட நாட்களில் காப்பாளராக விளையாடியவள். போர் முடிந்து சில வருடங்களில் கணவன் கொட்வினோடு பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தாள். கொட்வினுக்கு நகரத்து ஓரத்தில் சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டங்களில் வேலை. அவளுக்குப் பொலித்தியாமா அரங்குக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிக் கட்டடங்களின் படிகளைக் கழுவும் வேலை. உயரம் குறைந்த, பேச்சும் குறைந்த பெண். அந்தக் கட்டடங்களில் அவளுடைய பெயர் இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் விசில் ஊதினால் முற்றம் முழுவதும் நின்றது. எந்தப் பள்ளிக்கூடத்தையும் சேராதவள் என்பதால் எல்லாரும் அவளை நம்பினார்கள்.

சிசிலித் தமிழ்ப் பள்ளிக்கூடங்களின் வலைப்பந்துச் சங்கத்தில் ஆறு பள்ளிக்கூடங்கள் இருந்தன. அவற்றில் பெரியது போர்கோ வெக்கியோவில் சந்தைக்குப் பின்னால் நடக்கும் வளர்பிறை. நகரத்தின் மறுகோடியிலும் கத்தானியாவிலும் இருந்த இரண்டும் அதற்கு அடுத்தவை. மற்ற மூன்றும் சிறியவை. சியாகுல்லியில் தோட்ட வேலைக்காரரின் பிள்ளைகள் படிப்பது ஒன்று. திராப்பானியில் ஒன்று. ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலுணவுக் கடைகளின் சமையலறைகளில் வேலை செய்யும் குடும்பங்கள் நடத்துவது மற்றது. சங்கம் தொடங்கியபோது ஒரு விதி போட்டார்கள். பெரும்பான்மையின் சம்மதம் இல்லாமல் எந்தப் பள்ளிக்கூடமும் விலகக் கூடாது. வாக்கு சமமாக வந்தால் தலைமை நடுவர் தீர்ப்பார். அந்த விதி ஒருநாள் தேவைப்படும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

வடக்கே போலோஞ்ஞா, ரெஜ்ஜோ எமிலியா, ஜெனோவா பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. அதில் வெல்லுகிற அணி ஜெர்மனியில் நடக்கும் ஐரோப்பியப் போட்டிக்குப் போகும். கொரோனா முடிந்து விளையாட்டுகள் மறுபடி தொடங்கிய காலத்தில், சிசிலியின் மூன்று பெரிய பள்ளிக்கூடங்களையும் அந்தக் கூட்டமைப்பு அழைத்தது. ஒரு நிபந்தனை இருந்தது: சேருகிறவர்கள் அதே பருவத்தில் வேறு எந்தச் சங்கத்திலும் விளையாடக் கூடாது.

கூட்டம் வளர்பிறையின் மண்டபத்தில் நடந்தது. அதன் விளையாட்டுப் பொறுப்பாளன் பிரணவன் பலெர்மோவிலேயே பிறந்தவன், முப்பது வயதை எட்டாதவன், கெட்டவன் அல்ல. அவன் தன் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினான். அவர்கள் அதே ஐந்து அணிகளைத் திரும்பத் திரும்ப வெல்கிறார்கள், அதனால் வளர்ச்சி நின்றுவிட்டது, வெளியே போனால்தான் தாங்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும் என்றான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஸ்ஃபெர்ராகவால்லோப் பள்ளிக்கூடத்தின் பொறுப்பாளர் பாலசுந்தரம் எழுந்தார். வாரம் முழுவதும் சிப்பி கழுவி விரல்கள் வெடித்திருந்த மனிதர். நீங்கள் மூன்று பேரும் போனால் மிஞ்சுகிற மூன்று பேரும் விளையாட்டை விட வேண்டியதுதான் என்று சொன்னார். ஒரு அணியைத் தோற்கடிக்கிறவர்கள் அந்த அணிக்கு விளையாட்டையும் கொடுக்கிறார்கள், அதை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள் என்றும் சொன்னார். அவருடைய மகள் கேசினி அந்தச் சிறிய பள்ளிக்கூடத்தின் நடுக்கள ஆட்டக்காரி. சங்கத்திலேயே அவளைப் போல் ஓடுகிறவள் இல்லை என்று பிரணவனே சொல்லுவான்.

கை உயர்த்தினார்கள். மூன்றுக்கு மூன்று.

எல்லாரும் தலைமை நடுவரான சிவமலரைப் பார்த்தார்கள். அவள் கொஞ்ச நேரம் கேட்டு வெளியே போனாள். சந்தை கலைந்து, மீன்காரன் மீன் வெட்டும் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தான். திரும்பி வந்தவள் உட்காரவில்லை. போகட்டும் என்று மட்டும் சொன்னாள்.

பாலசுந்தரம் அவளைத் தெருவில் பிடித்தார்.

"ஏன் தங்கச்சி இப்பிடிச் செய்தனீ? எங்கடை பிள்ளையளின்ரை நிலை உனக்குத் தெரியாதே?"

"தெரியும் அண்ணை."

"தெரிஞ்சுமோ?"

"போகவேணும் எண்டு நிண்ட சனத்தை மறிச்சு வைச்சதை நான் கண்டனான். நீங்களும் கண்டனீங்கள். இன்னொருத்தரைப் போகவேண்டாம் எண்டு என்ரை வாயாலை சொல்ல எனக்கு ஏலாது."

பாலசுந்தரமும் போரின் கடைசி மாதங்களில், சனம் அடைபட்டிருந்த வன்னிக் கடற்கரையில் கிடந்தவர்தான்.

"அங்கை போக நிண்டவை உயிருக்குப் போக நிண்டவை," என்றார். "இவை கோப்பைக்குப் போகினம். அதையும் இதையும் ஒண்டாக்கிப் போட்டாய்."

அவர் பேருந்துப் பக்கம் நடந்துவிட்டார்.

அந்தப் பருவத்தில் மூன்று சிறிய பள்ளிக்கூடங்களும் தங்களுக்குள் விளையாடத் தொடங்கின. மூன்று அணிகள் மாறி மாறி விளையாடினால் எவ்வளவு நாள் தாங்கும்? யார் எந்தப் பக்கம் எறிவாள் என்பது எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் திராப்பானி வருவதை நிறுத்தியது. அவ்வளவு தூரம் பிள்ளைகளை ஏற்றி வந்து அதே முகங்களைப் பார்க்கத் தாய் தகப்பன்மார் விரும்பவில்லை. சியாகுல்லியில் இரண்டு குடும்பங்கள் வேலை தேடி வடக்கே போக, அணிக்கு ஆள் போதாமல் போனது.

பிறகு கேசினி வளர்பிறைக்குப் போனாள். பிரணவன் வீடு தேடி வந்து கேட்டானாம். பாலசுந்தரம் முடியாது என்றார். கேசினி அழவில்லை, சண்டை போடவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும் சனிக்கிழமைகளில் அறையை விட்டு வெளியே வராமல் இருந்தாள். தாய் புஸ்பவதிதான் கடைசியில் அவளைப் போர்கோ வெக்கியோவுக்குக் கூட்டிப் போனாள். நடுக்கள ஆட்டக்காரி போன பின்பு ஸ்ஃபெர்ராகவால்லோவின் மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றார்கள்.

சிவமலரின் ஞாயிறுகள் வெறுமையாகின. கட்டடத்தின் நிர்வாகி சிஞ்ஞோரா மொனிகா ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வீட்டில் கிழவி ஒருத்தியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டபோது ஓம் என்றாள். வடக்கத்திய கூட்டமைப்புக்கு அவளுடைய நடுவர் வேலை தேவைப்படவில்லை. அவர்களுக்கு அவர்களுடைய ஆட்கள் இருந்தார்கள். கோவிலில் பாலசுந்தரத்தைக் கண்டால் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கொட்வின் ஒருநாள், நீ அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தாலும் அவர்கள் எப்படியும் போயிருப்பார்கள் என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டு, "அப்ப அவையே போயிருக்கட்டும். இப்ப நான்தானே அனுப்பினனான்," என்றாள்.

அடுத்த பருவத்தில்தான் சிவமலர் துசானியைக் கண்டாள். வளர்பிறையில் படிக்கிற பதினைந்து வயதுப் பிள்ளை, கட்டையான, மெதுவான காப்பாளர். சிவமலர் பேருந்துக்கு நின்ற இடத்தில் இவளும் நின்றாள். விளையாட்டு எப்படிப் போகிறது என்று சிவமலர் கேட்டாள்.

"நான் விளையாடுறேல்லை அன்ரி."

"ஏன் பிள்ளை? காயமே?"

"இல்லை. நோர்துக்கு, அந்த வடக்குப் போட்டிக்குப் போறதுக்குப் பத்துப் பேர்தான். மிச்ச ஆக்கள் பிராக்டிஸுக்கு மட்டும் போறம். முதல் எண்டால் ஸ்ஃபெர்ராகவால்லோவோடை, சியாகுல்லியோடை எல்லாம் நாங்கள்தானே விளையாடுறனாங்கள். இப்ப பந்து எடுத்துக் குடுக்கிறம். ஆரோடையும் மாட்ச் இல்லை."

சிவமலர் அந்தப் பேருந்தை விட்டுவிட்டாள். வளர்பிறையிலேயே இப்படி எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். பாதிக்கு மேல் என்றாள் துசானி. சிறிய பள்ளிக்கூடங்கள் விளையாட ஆள் இல்லாமல் நின்ற அதே காலத்தில், பெரிய பள்ளிக்கூடத்துக்குள்ளும் ஒரு கூட்டம் விளையாட ஆள் இல்லாமல் நின்றிருக்கிறது. வாக்குப் போட்ட அன்று அந்த மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும், அவளுக்கும்கூட, இந்தப் பிள்ளைகளின் நினைவு வரவில்லை.

மறுநாள் வேலை முடிந்து அவள் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனாள். பாலசுந்தரம் கடையின் பின்வாசலில் சிப்பிக் கூடைகளுக்கு நடுவில் இருந்தார். அவளைக் கண்டும் எழும்பவில்லை. அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். அந்த ஊர்த் தேவாலய முற்றத்தின் திறப்புச் சாவி அவரிடம் இருந்தது. கம்பங்களும் அங்கேதான் கிடந்தன. ஞாயிறு காலையில் திறந்து விட்டால், வருகிற பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து விளையாட விடலாம் என்றாள்.

"என்ன பேரிலை? ஆற்றை பள்ளிக்கூடம்?"

"பேர் ஒண்டும் வேண்டாம் அண்ணை."

"என்ரை பிள்ளை அவையோடை வடக்கிலை விளையாடுறாள். நான் இஞ்சை ஊர்ப் பிள்ளையளுக்குக் கதவு திறக்கிறதோ?"

அவர் இன்னொரு கூடையை இழுத்துக் கழுவத் தொடங்கினார். அதையும் கழுவி முடித்தபின், திறந்து விடுகிறேன், ஆனால் பார்க்க வரமாட்டேன் என்று சொன்னார்.

முதல் ஞாயிறு வந்த பிள்ளைகள் ஒரு அணிக்கும் போதவில்லை. ஆளுக்கு ஒரு மூலையாக நின்று பந்து எறிந்துவிட்டுப் போனார்கள். பிறகு துசானி தன் கூட்டத்தைக் கூட்டி வந்தாள். கொட்வின் தோட்ட முதலாளியிடம் கேட்டு வான் வண்டியை வாங்கி, சியாகுல்லியில் மிஞ்சியிருந்த பிள்ளைகளை ஏற்றி வந்தான். ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எதிரெதிராக நின்றார்கள். கோப்பை இல்லை, புள்ளிப் பட்டியல் இல்லை. சில ஞாயிறுகளில் நல்ல ஆட்டம் நடந்தது. சில ஞாயிறுகளில் சிரோக்கோக் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்ட, யாரும் வரவில்லை. சிவமலர் கிழவியைப் பார்க்கும் வேலையை விட்டாள்.

வளர்பிறை வடக்கில் இரண்டு பருவமும் கடைசியாக வந்தது. அங்கே போனபின் அது சிறிய பள்ளிக்கூடமாகிவிட்டது. பயணம் பெற்றோரைக் களைக்க வைத்தது. பிரணவன் ஒரு ஞாயிறு முற்றத்துக்கு வந்து, ஆட்டம் முடியும்வரை மதிலோடு நின்றான். பிறகு, பழைய சங்கத்துக்குத் திரும்பலாமா என்று மற்றவர்களும் யோசிக்கிறார்கள், அக்கா என்ன சொல்லுகிறீர்கள் என்று கேட்டான்.

"சங்கம் எங்கை தம்பி இருக்கு?" என்றாள் சிவமலர். "திராப்பானிக்காரர் கம்பத்தையும் ஆருக்கோ குடுத்திட்டினமாம். சியாகுல்லியிலை இனி அணி எண்டு ஒண்டு வராது. திரும்பி வாறதெண்டால் ஆரிட்டை வாறது?"

"அப்ப நீங்கள் அண்டைக்கு வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டான். அவள் பந்துகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"திருப்பிக் கேட்டாலும் போகச் சொல்லித்தான் சொல்லுவன். ஆனால் போறவை போக, நிக்கிறவைக்கு என்ன செய்யிறியள் எண்டு கேட்டுப்போட்டுச் சொல்லியிருப்பன். நான் கேக்கேல்லை. நீரும் யோசிக்கேல்லை." பையின் வாயைக் கட்டிவிட்டு, "மிச்சப் பிள்ளையளை அனுப்பும். எந்தச் சட்டையெண்டாலும் போட்டுக்கொண்டு வரட்டும்," என்றாள்.

அந்த வசந்தத்தில் வடக்கத்திய கூட்டமைப்பு ஜெர்மனிக்கு ஒரு கூட்டு அணியை அனுப்பியது. சிசிலியிலிருந்து அதற்குத் தெரிவான ஒரே பிள்ளை கேசினி. அங்கே நன்றாக விளையாடினாள் என்றார்கள். அந்தச் செய்தியைச் சிவமலருக்குப் புஸ்பவதிதான் தொலைபேசியில் சொன்னாள். தகப்பன் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, அவள் விளையாடுகிற படத்தைப் பார்த்தார், பிறகு இன்னொரு தரம் பார்த்தார் என்றாள்.

பாலசுந்தரம் இன்றும் ஆட்டம் பார்க்க வருவதில்லை. ஞாயிறு காலையில் வந்து கதவைத் திறக்கிறார், கம்பங்களை நிமிர்த்துகிறார், சிவமலர் வரும்போது கடைக்குப் போய்விடுகிறார். மழை வந்த நாட்களில் மட்டும், தரை வழுக்கும், பிள்ளைகளை ஓட விடாதே என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.