ஜே. லவினியாவைத் தேடி பைன் காட்டுக்குள்

போன செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, நியூ ஜெர்சியின் தெற்கே இருக்கும் பைன் பேரன்ஸ் காட்டுக்குத் தனியாகப் போய்வந்தேன். பிளெய்ன்ஸ்பரோவில் குடியிருக்கும் நம்மவர்களில் பாதிப் பேர் அந்தக் காட்டை அட்லாண்டிக் சிட்டி போகும் வழியில் கார் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. நான் இறங்கி நடந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று ஒரு காய்ந்த பூ, இன்னொன்று என் பெயர்.

பெயர் விவகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் நான் மு. செல்வராணி. பாஸ்போர்ட் எடுத்தபோது அந்த ‘மு’வை விரித்து முத்துசாமி என்று போட்டோம். அமெரிக்கா வந்ததும் அதுவே என் கடைசிப் பெயர் ஆகிவிட்டது. கிளினிக்கில், வங்கியில், மகளின் பள்ளியில் என் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். நான் எழுந்து போவேன். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. முதல் வருடம் ஒவ்வொரு தடவையும் வாசலைத் திரும்பிப் பார்ப்பேன். பிறகு பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பயணத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்குக் குடியுரிமை இன்டர்வியூ. பெயரை மாற்ற வேண்டுமானால் அப்போதே கேட்டுக்கொள்ளலாம், தனியாக அலைய வேண்டாம். என் கணவர் கார்த்திகேயனுக்கு இதில் ஒரே பதில்தான்.

“கார்த்திகேயன்னு போட்டுடேன். ஒவ்வொரு ட்ரிப்பும் ஏர்போர்ட்ல இது உன் குழந்தைதானான்னு கேக்கறான். உனக்கே ஒரு மாதிரி இல்லையா?”

“யோசிக்கறேன்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒரு பாக்ஸ் ஃபில் பண்றதுதானே.”

எங்கள் மகள், ஒன்பது வயது நிலா கார்த்திகேயனும் அப்பா கட்சி. “தென் வி ஆல் மேட்ச், அம்மா,” என்றாள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கான அந்தப் பெட்டிக்கு முன்னால் மூன்று வாரமாக உட்கார்ந்திருந்தேன். அப்பா பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கணவர் பெயரை வைத்தால் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இனி காய்ந்த பூவுக்கு வருகிறேன். நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். இப்போது ஒரு மருந்து கம்பெனியில் மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கும் பொடி எழுத்துத் தாள்களைப் பிழை பார்க்கிறேன். ஆகஸ்ட்டில் ஒரு நூலகத்தில் பழைய செடித் தாள்களின் கண்காட்சி வைத்திருந்தார்கள். செடியைப் பிடுங்கி, நசுக்கி, உலர்த்தி, தாளில் ஒட்டி, மூலையில் சீட்டு எழுதுவோமே, அதுதான். கல்லூரியில் நானும் எழுபது தாள் செய்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ‘சேகரித்தவர்: மு. செல்வராணி’.

அங்கே ஒரு தாளில் ஜென்ஷியன் என்ற நீலப் பூ. நூற்றைம்பது வருடம் காய்ந்தும் நீலம் முழுக்கப் போகவில்லை. மூலையில் மையால் எழுதிய சீட்டு: ‘சேகரித்தவர்: ஜே. லவினியா’. பார்த்தவுடனே, யாரோ நம்மை மாதிரி ஒரு பெண் என்று நினைத்தேன். இனிஷியல் ஜே, பெயர் லவினியா. கீழே கண்காட்சிக்காரர்கள் அச்சடித்திருந்ததோ வேறு. ‘லவினியா என்பது குடும்பப் பெயர். இத்தாலியிலிருந்து வந்த ஓர் ஆணாக இருக்கலாம். வேறு தகவல் இல்லை.’

அவர்களே மாதம் ஒரு சனிக்கிழமை, அந்தச் செடிகள் கிடைத்த கைவிடப்பட்ட ஊருக்கு ஒரு நடைச் சுற்றுலா நடத்துகிறார்கள். பத்து டாலர் நன்கொடை. பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன். காட்டுக்குள் இரண்டு மணி நேரம் நடந்தால் பெட்டிக்கு ஒரு பதில் கிடைக்கும் என்ற நப்பாசையும் கொஞ்சம் இருந்தது.

காலை 7.40க்கு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். 206-ஆம் ரூட்டில் நேராகத் தெற்கே போக வேண்டும். மொத்தம் 48 மைல். முதல் அரை மணி நேரம் வழக்கமான நியூ ஜெர்சி: பெட்ரோல் பங்க், வங்கி, டோனட் கடை, மறுபடி பெட்ரோல் பங்க். பிறகு கடைகள் குறைந்து, இரண்டு பக்கமும் பைன் மரங்கள் வந்தன. 8.30க்கு மேல் எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. 8.45க்குப் போனில் சிக்னல் போனது.

கூட்டம் சேரும் இடம் கிராமத்தின் கிழக்கு வாசல். மேப் என்னை மேற்கு வழியாக மண் பாதையில் இறக்கிவிட்டது. அங்கே மண் என்றால் கோலமாவு மாதிரி வெள்ளை மணல். நூறு அடி போவதற்குள் முன் சக்கரம் புதைய ஆரம்பித்தது. நல்லவேளை, ரிவர்ஸ் எடுத்துக் கெட்டித் தரைக்கு வந்துவிட்டேன். மணி 8.55, சுற்றுலா பத்து மணிக்கு. வண்டியைப் பூட்டிவிட்டு நடந்தேன்.

அந்தக் காட்டில் முதலில் உறைப்பது சத்தமின்மை. பறவை இல்லை, அணில் இல்லை. மரங்கள் என் தோள் உயரத்துக்குமேல் வளரவில்லை. அடிக்கடி தீப்பிடிப்பதால் குட்டையாகவே நிற்கின்றன, எல்லாம் ஒரே உயரத்தில். அவற்றின் நடுவே நடந்தால், தலைகுனிந்து நிற்கும் கூட்டத்துக்குள் புகுந்த மாதிரி இருந்தது. ஓடைத் தண்ணீர் கடுங்காப்பி நிறம். மரப்பட்டையும் இரும்பும் ஊறிய நிறம்தான் என்று படித்திருந்தேன். படித்திருந்தும், கையை விட்டபோது மணிக்கட்டுக்குக் கீழே என் விரல்கள் தெரியாமல் போனதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

ஓடைக்கரைச் சேற்றில் குடுவைச் செடிகள். ஒவ்வொரு குடுவையிலும் மழைத்தண்ணீர், அதில் மிதக்கும் எறும்பு, ஈ, வண்டு. உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன். கீழ்நோக்கிய முடிகள், உள்ளே போகும்போது வழுக்கி, வெளியே எடுக்கும்போது பிடித்துக்கொண்டன. பக்கத்தில் இலை நுனியில் பசைத்துளி வைத்துப் பூச்சி பிடிக்கும் இன்னொரு செடி. அதில் ஒட்டிய கொசு இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. தாவரவியல் படித்தவளுக்கு இது திருவிழாவாக இருக்க வேண்டும். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஊர் இருந்த இடம் வந்தது. வீடு ஒன்றும் மிச்சமில்லை, தரையில் சதுரச் சதுரமாகப் பள்ளங்கள். பள்ளத்தின் ஓரத்தில் படிக்கட்டுகள் இரண்டு, மூன்று. அவற்றில் ஏறிப் போக எதுவுமில்லை. அதைத் தாண்டி இரும்பு வேலிக்குள் பத்துப் பதினைந்து கல்லறைகள்.

ஒரே உயரத்தில் ஜோடியாக இரண்டு கற்கள் நின்றன. ஒன்றில் ‘ஜோசையா பெல்’, கீழே பிறந்த, இறந்த விவரம். பக்கத்துக் கல்லில் எழுதியிருந்தது ஒரே வரி: ‘ஜோசையா பெல்லின் மனைவி’. அவ்வளவுதான். சுற்றிவந்து பின்பக்கமும் பார்த்தேன். பெயர் எங்கேயும் இல்லை.

வேலிக்குள் வேறெங்கும் காய்ந்த ஊசியிலைதான். அந்த இரண்டாவது கல்லைச் சுற்றி மட்டும் ஜென்ஷியன் பூத்திருந்தது, பதினோரு பூக்கள். ஈர மணலில் வளர்கிற செடி, அந்த மேட்டில் அதற்கு வேலையே இல்லை. நான் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தபோது, மரங்களுக்குள்ளிருந்து என் அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

“முத்துசாமி!”

“என்னப்பா,” என்றேன், வாய்விட்டு.

யார் கூப்பிட்டார்கள், ஏன் நான் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. மறுபடியும் “மூட்டுஸ்வாமி!” என்று வந்தபோதுதான் அது மனிதக் குரல், அமெரிக்கக் குரல் என்று புரிந்தது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண்மணி கையில் பட்டியலோடு வந்து வேலிக்கு வெளியே நின்றார். என் வண்டி தப்பான பக்கம் நிற்பதைப் பார்த்துத் தேடி வந்திருக்கிறார். பெயர் டெப். அறுபதுக்குப் பக்கத்தில் இருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், சனிக்கிழமைகளில் இந்தச் சுற்றுலாவை நடத்துகிறார். அன்றைக்குப் பதிந்திருந்தது நான் ஒருத்திதானாம். (அவர் பேசிய ஆங்கிலத்தை நம் பேச்சில் எழுதுகிறேன்.)

“பயந்துட்டீங்களா? மூஞ்சி வெளுத்துப்போச்சு.”

“அது என் அப்பா பேரு. அவர் இல்ல இப்போ.”

“ஐயோ. அப்போ உங்க பேரு?”

“செல்வராணி. எங்க ஊர்ல அப்பா பேரோட முதல் எழுத்தை முன்னாடி போட்டுப்போம். கல்யாணம் ஆனா சில பேர் புருஷனோட எழுத்துக்கு மாறிடுவாங்க. சொந்தப் பேரு பின்னாடி வரும்.”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் கண் அந்தக் கல்லுக்குப் போனது. ஜோசையா. ஜே. “இங்க படுத்திருக்கறதுதான் லவினியா,” என்றேன். “ஜே. புருஷனோட இனிஷியல். ஜே. லவினியா, ஜோசையாவோட மனைவி லவினியா.”

டெப் சிரித்தார். “இந்த ஊர்ல யாரும் அப்படி எழுத மாட்டாங்க, ஹனி.” பிறகு சிரிப்பை நிறுத்தினார். “ஆனா திருமதி ஜோசையா பெல் பேராசிரியர்களுக்குச் செடி அனுப்பறதா அவங்களே எழுதின ஒரு லெட்டர் இருக்கு. அவங்க அனுப்பின தாள் ஒண்ணுகூட எங்களுக்குக் கிடைக்கலை.”

கடித நகல் அவர் டிரக்கில் ஒரு கோப்பில் இருந்தது. நான் போனில் எடுத்திருந்த சீட்டின் படத்தைத் திறந்தேன். டிரக்கின் பானெட் மேல் இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். கடிதத்தின் அடியில் ‘திருமதி ஜோசையா பெல்’ என்று கையெழுத்து. அந்த ஜே-யின் வால் கீழே இறங்கி, வளைந்து, அடுத்த எழுத்தின் காலைத் தொட்டது. சீட்டிலும் அதே வால், அதே வளைவு. டெப் இரண்டு வாலையும் விரலால் தொடர்ந்து பார்த்தார். “பதினாலு வருஷமா நாங்க ஒரு இத்தாலிக்காரனைத் தேடிட்டு இருக்கோம்,” என்றார்.

கிளம்பும்போது, கல்லறையைச் சுற்றி ஜென்ஷியன் யார் நட்டது என்று கேட்டேன். “என்ன ஜென்ஷியன்?” என்றார். திரும்பிப் போய்க் காட்டினேன். பதினாலு வருடத்தில் அங்கே ஒரு பூ பார்த்ததில்லை என்றார். இருவரும் வேலியை விட்டுச் சீக்கிரமே வெளியே வந்துவிட்டோம்.

நீங்களும் போவதாக இருந்தால் சில விஷயங்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் பூவுக்கு நல்ல சமயம். முழுக்கால் பேன்ட் போட்டு, சாக்ஸை அதன்மேல் இழுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்புவரை பாருங்கள், நான் இரண்டு எடுத்தேன். மேப்பைக் கிளம்பும்போதே டவுன்லோட் பண்ணிக்கொள்ளுங்கள், வெள்ளை மணலில் செடான் காரை இறக்கவே இறக்காதீர்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பூவைப் பறிக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள் என்றும் சொல்லியிருப்பேன். ஆனால் கூட யாராவது வந்திருந்தால் நான் பேசிக்கொண்டே அந்தக் கல்லைத் தாண்டிப் போயிருப்பேன்.

திங்கட்கிழமை மதியம் ஆபீஸில் இருக்கும்போது டெப்பிடமிருந்து மெயில் வந்தது. காலையிலேயே பழைய தேவாலயத்தின் திருமணப் பதிவைப் பார்த்திருக்கிறார். இரண்டே வரி. ‘நீங்கள் சொன்ன ஆள் சரி, காரணம் தப்பு. அவள் முழுப்பெயர் ஜெருஷா லவினியா, ஜே அவளுடையது.’

அந்த மெயிலை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. திருமதி என்றும் மனைவி என்றும் ஊரே எழுதிய ஒருத்தி, தான் பறித்த செடியின் மூலையில் மட்டும் புருஷன் பெயரை விட்டுவிட்டுத் தன் இரண்டு பெயரையும் எழுதியிருக்கிறாள். ஆராய்ச்சிக்காரர்கள் அவளை ஆணாக்கினார்கள். நான் அவளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாளாகப் பெருமையாக இருந்தேன். அவளுக்கே சொந்தமான அந்த ஒற்றை எழுத்தை எடுத்துப் புருஷனிடம் கொடுத்தது நான்தான். ஒரு எழுத்தைப் பார்த்தால் அது ஏதோ ஓர் ஆணுடையது என்று நினைத்தே எனக்குப் பழகியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் கார்த்திகேயனிடம் என் முடிவைச் சொன்னேன். “ஏர்போர்ட்ல மறுபடியும் கேப்பான்,” என்றார். கேட்கட்டும், சொல்லிக்கொள்கிறேன் என்றேன். “உன் பேரு, உன் இஷ்டம்,” என்று ரசம் விட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை இன்டர்வியூவில் அதிகாரி இளம்பெண், மரியாதையாகப் பேசினாள். பெயரை மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முதல் பெயர் செல்வா, நடுப்பெயர் முத்துசாமி, கடைசிப் பெயர் ராணி. அவள் டைப் செய்து, திரையை என் பக்கம் திருப்பிச் சரிபார்க்கச் சொன்னாள்.

“நடுவில் இருப்பது அப்பா பெயர் என்று பழைய ஃபார்மில் இருக்கிறது. ராணி என்பது கணவர் குடும்பத்துப் பெயரா?”

“இல்லை.”

“அப்படியானால் யாருடையது?”

“முதலில் இருப்பதும் நான்தான், கடைசியில் இருப்பதும் நான்தான்,” என்றேன்.