இனிப்புக் கடையில் நான் செய்த துப்பறியும் வேலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாதம். தி.நகரில் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்த நாட்களில், மந்தைவெளியில் எங்கள் வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் என் கணவரைத் துப்பறிந்துகொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். என் கணவருக்குச் சர்க்கரை நோய். அவர் வேலை பார்ப்பதோ தி.நகரில் ஓர் இனிப்பு, காரக் கடையில். அதிலும் இனிப்புப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பாளர். காலையில் இருந்து இரவு கடை சாத்தும் வரை ஜாங்கிரிக்கும் மைசூர்பாகுக்கும் நடுவில் நிற்கிற மனிதர். "அதெப்படி ஒரு துண்டு கூட வாயில போடாம இருப்பாரு?" என்று கேட்காத சொந்தக்காரர்களே கிடையாது. அப்போதெல்லாம் நான்தான் வரிந்து கட்டிக்கொண்டு அவருக்காகப் பேசுவேன். பேங்க் காசாளர் எல்லாம் பணத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டா வீட்டுக்கு வருகிறார் என்று திருப்பிக் கேட்பேன்.

அப்படிப் பேசிய நானே மாறிப்போனேன். காரணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனை. தொடர்ந்து இரண்டு முறை ஏறிக்கொண்டே வந்தது. மயிலாப்பூரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அப்போதும் இறங்கவில்லை. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார். என் கணவருக்கு ஊசி என்றால் உயிரே போய்விடும். ரத்தம் எடுக்கும்போது கூட முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அங்கே மாட்டியிருக்கும் காலண்டரில் ராகு காலம், எமகண்டம் எல்லாம் ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருப்பார். அன்று டாக்டர் என்னைப் பார்த்து, வீட்டில் சாப்பாடு எல்லாம் சரியாகத்தானே போகிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. என் சமையலில் தப்பு கிடையாது. அப்படியென்றால் தப்பு கடையில்தான் என்று முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் எனக்குச் சாட்சியாகத் தெரிந்தது. மதியத்துக்குக் கட்டிக் கொடுக்கும் சப்பாத்தி அப்படியே திரும்பி வந்தது. சுண்டலைத் தொடவே இல்லை. கேரட் பொரியல் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. வயிறு நிறைய இனிப்பைத் தின்றுவிட்டு வந்தால் சப்பாத்தி எப்படி இறங்கும் என்று நினைத்தேன். வீட்டில் குழைந்த சாதத்தில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, அப்படியே விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார். பேசும்போது கைக்குட்டையை வாய் அருகே வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி கிராம்பு. சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து கிராம்பு கிடந்தது. பக்கத்தில் வந்தாலே கிராம்பு வாசனை. நெய் வாசனையை மறைக்கத்தான் இத்தனை ஏற்பாடு என்று கண்டுபிடித்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் கடையில் பாக்கெட் போடும் ஒரு பெண் எங்கள் தெருவில் இருந்துதான் வேலைக்குப் போகிறாள். அவளிடம் அண்ணன் மேல் ஒரு கண் வைத்துக்கொள் என்று சொல்லி வைத்தேன். ஒரு வாரம் கழித்து வந்து, "அண்ணன் ஒண்ணியும் துன்றதில்லக்கா, டீ கூட சக்கர இல்லாமதான் குடிக்கிறாரு" என்றாள். நான் நம்பவில்லை. கூட வேலை பார்க்கிறவரைக் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் இரவு நேராகவே கேட்டேன். அவர் இல்லை என்றார். சத்தியம் பண்ணச் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். அதையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவருக்குத் தெரியாமல் கடை முதலாளியைப் போய்ப் பார்த்தேன். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். தெற்கே எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். கண்ணில் தண்ணீரோடு, இவரை இனிப்புப் பிரிவில் இருந்து மாற்றிவிடுங்கள் அண்ணாச்சி, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று சொன்னேன். அண்ணாச்சியும் நல்ல எண்ணத்தில் மறுநாளே அவரைக் காரப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். காலையில் கடை திறந்து சூடம் காட்டும்போது எல்லா ஊழியர்களும் கூடியிருப்பார்கள். அந்த இடத்தில், உங்க வீட்டம்மா வந்து சொன்னாங்க என்று போட்டு உடைத்துவிட்டார். பத்தொன்பது வருடம் இனிப்புத் தட்டுகளுக்குக் காவலாக நின்ற மனிதரை அத்தனை பேர் முன்னால் நான் திருடனாக்கிவிட்டேன்.

அன்று இரவு பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ரசம் சாதத்தைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், படுத்துக்கொண்டார். என்னோடு பேசுவது மட்டும் நின்றுபோனது.

காரப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் எண்ணெய்ச் சட்டியில் இருந்து இறங்கும் முதல் ஈடு முறுக்கோ தட்டையோ எதுவானாலும், பிரிவுப் பொறுப்பாளர் ஒன்றைக் கடித்துப் பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகுதான் விற்பனைத் தட்டுக்குப் போகும். உப்புக்கும் மொறுமொறுப்புக்கும் அவர்தான் பொறுப்பு. இனிப்பில் இந்த வேலையைச் சமையல் கூடத்தில் மாஸ்டரே முடித்துவிடுவார் என்பதால் என் கணவருக்கு அதுவரை எதையும் ருசி பார்க்க வேண்டியிருக்கவில்லை. இங்கே மூன்று நாள் எப்படியோ சமாளித்திருக்கிறார். கையால் உடைத்துப் பார்ப்பாராம், ஒரு சின்ன விள்ளலை நாக்கில் வைத்து ஊற வைத்துவிட்டுச் 'சரி' என்பாராம். நாலாவது நாள் ஒரு வாடிக்கையாளர் தட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, கல் மாதிரி இருக்கிறது என்று சத்தம் போட்டிருக்கிறார். அண்ணாச்சி அடுத்த ஈட்டில் இருந்து ஒன்றை எடுத்து நீட்டி, என் முன்னாலேயே கடித்துச் சொல்லு என்றிருக்கிறார்.

பாக்கெட் போடும் பெண்தான் எனக்குப் போன் பண்ணினாள். "அக்கா, நீ கொஞ்சம் வாக்கா. அண்ணன் தட்டையக் கடிச்சாரு, வாயெல்லாம் ரத்தமா கீது. ஒண்ணியும் இல்லன்னு சொல்லிக்கினு கீறாரு."

ஆட்டோ பிடித்து ஓடினேன். குடோனில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கைக்குட்டை சிவந்திருந்தது. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. இந்த வீக்கத்தை நான் எத்தனை நாளாகப் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை. வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறெல்லாம் பழுத்துச் சிவந்து, பின்பக்கப் பல் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. கிராம்பு எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

பல் டாக்டரிடம் போகலாம் என்றால் வர மாட்டேன் என்கிறார். செலவு, அது இது என்று பாக்கெட் போடும் பெண்ணிடம்தான் சாக்குச் சொன்னார். அப்போது எங்கள் மகள் போன் செய்தாள், நடந்ததைச் சொன்னேன். ஈக்காட்டுத்தாங்கலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்கும்போது, கொஞ்சம் கூடுதலாகக் கட்டிப் பல் சிகிச்சையையும் சேர்த்திருந்தாள். அன்றைக்கு அவளை நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன். மாரடைப்புக்கு இன்ஷூரன்ஸ் போடுவார்கள், பல்லுக்கெல்லாமா போடுவார்கள் என்று கேலி செய்தேன். வருடத்துக்கு இரண்டு முறை இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம், போய்விட்டு வாங்கம்மா என்று அவள் நினைவுபடுத்தும்போதெல்லாம், பல் தேய்க்கத் தெரியாதா எங்களுக்கு என்று தட்டிக் கழித்தேன். இப்போது அவள் அதையெல்லாம் சொல்லிக் காட்டவே இல்லை. மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் காப்பீடு செல்லுபடியாகும் கிளினிக் ஒன்று இருக்கிறது, கார்டை போனுக்கு அனுப்புகிறேன், அப்பாவை நேராக அங்கே கூட்டிக்கொண்டு போ என்றாள். செலவு என்ற சாக்கு அதோடு தீர்ந்தது.

பல் டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். பொறுமையாக ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். ஈறில் வெகு நாளாகச் சீழ் வைத்திருக்கிறது, எலும்பு வரை பாதிப்பு போயிருக்கிறது என்றாள். பிறகு சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள். இரண்டு தடவையாக இறங்கவே இல்லை, இவர் வாயைக் கட்டுவதில்லை என்று அங்கேயும் ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவள் என்னை நிறுத்தினாள். "ஆன்ட்டி, ஈறுல இவ்வளவு இன்ஃபெக்ஷன் இருந்தா சுகர் இறங்காம அடம் பிடிக்கும். சுகர் ஏறினா ஈறு இன்னும் கெடும். இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அங்கிள் ஸ்வீட் சாப்பிட்டார்னு நீங்க முடிவு பண்ண வேண்டியதில்ல."

பிறகு அவரைப் பார்த்து, இத்தனை வலியோடு ஏன் முதலிலேயே வரவில்லை என்று கேட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கூட இல்லை. நாலு நாள் கழித்து என்னோடு பேசினார். "சுகர் இருக்கிறவங்க பல்லுல கை வெச்சா புண்ணு ஆறாதுன்னு நீதானம்மா சொன்ன. அப்புறம், பல்லு வலிக்குதுன்னு சொன்னா, ஸ்வீட்டு தின்னதாலதான்னு நீ பிடிச்சுக்குவ. அதான் சொல்லல."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். சப்பாத்தியும் சுண்டலும் கேரட்டும் ஏன் திரும்பி வந்தன, ரசம் சாதம் ஏன் மெல்லாமல் உள்ளே போனது, எல்லாம் வரிசையாகப் புரிந்தது. மாதக் கணக்கில் ஒரு மனிதர் பசியோடும் வலியோடும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நானோ அவர் சட்டைப் பையை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சர்க்கரை இருப்பவர்கள்தான் மற்றவர்களைவிட அடிக்கடி பல்லைக் காட்ட வேண்டும் என்று அந்தப் பெண் டாக்டர் எங்கள் இருவருக்கும் சேர்த்து வகுப்பு எடுத்தாள். சர்க்கரை டாக்டரோடு போனில் பேசி, அவர் சம்மதத்தோடு நாலு தடவையாக ஈறைச் சுத்தம் செய்தாள். ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை. காப்பாற்ற முடியாத இரண்டைப் பிடுங்கினாள். மரத்துப்போக ஊசி போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார் பாருங்கள், அரை மணி நேரம் விரல்கள் எனக்கே மரத்துப்போய்விட்டன. காப்பீடு எல்லாவற்றுக்கும் வரவில்லை. கட்டிய செயற்கைப் பல்லுக்கு நாங்கள்தான் பணம் போட்டோம். ஆனாலும் சிகிச்சைக்கெல்லாம் அந்தக் கார்டு கை கொடுத்தது. அது மட்டும் இல்லையென்றால், நாலு தடவை வர வேண்டும் என்று கேட்டதுமே அவர் நாற்காலியை விட்டு இறங்கி நடையைக் கட்டியிருப்பார். எனக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும்.

புண்ணும் அழகாக ஆறியது.

அத்தனை பேர் முன்னால் போட்ட பழியை, அத்தனை பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு காலை அவரோடு நானும் கடைக்குக் கிளம்பினேன். எதற்கு என்று கேட்டார், சொல்லவில்லை. அண்ணாச்சி சூடம் காட்டி முடித்ததும், ஒரு நிமிஷம் அண்ணாச்சி என்று முன்னால் போனேன். "இவரு ஒரு துண்டு கூடத் தின்னதில்ல. பல் வலியில மெல்ல முடியாம கிடந்திருக்காரு. எனக்குத்தான் தெரியல. நான் சொன்னது தப்பு." அவ்வளவுதான் பேச முடிந்தது. என் கணவர் வெட்கம் தாங்காமல் தராசைத் துடைப்பது போல் குனிந்துகொண்டார். பாக்கெட் போடும் பெண் எனக்கும் முந்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணாச்சி இனிப்புப் பிரிவின் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. சாதாரண அளவுக்கு வந்துவிடவில்லை. ஆனால் இப்போதைக்கு ஊசி தேவையில்லை என்று சொல்லும் அளவுக்கு இறங்கியிருந்தது. மயிலாப்பூர் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, காலைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், வாயைத் திறக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லையே என்று வருத்தப்பட்டார். அவ்வளவு படித்தவரே அப்படிச் சொன்னது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பொய் சொல்வானேன்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்து பல்லைக் காட்டிவிட்டு வருகிறோம். எனக்கும் இரண்டு சொத்தை இருந்தது தனிக் கதை. மகள் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது, பல்லைச் சேர்த்தாயா என்று நானே முதல் ஆளாகக் கேட்கிறேன். சப்பாத்தி டப்பா காலியாகத் திரும்பி வருகிறது. எப்போதாவது அது மிச்சமாக வந்தால், என்னத்தைத் தின்றீர்கள் என்று கேட்பதில்லை, அவர் முகத்தைப் பார்த்து, எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்கிறேன். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் இத்தனை தாமதமாகவா இந்தக் கேள்வி எனக்கு வந்தது என்று ஒவ்வொரு முறையும் மனசு உறுத்துகிறது.