மரிக்கொழுந்து வாடும் தூரம்

வடசேரியில் திருவனந்தபுரம் பஸ் ஏறியபோது, விமானத்தில் லண்டன் போகிறவன் என்ற மிடுக்கு என் கோட்டில் மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் தோவாளைப் பூ வியாபாரி ஒருவர். வழுக்கைத் தலை, காதிடுக்கில் ஒரு பிச்சி மொட்டு. பஸ் நின்ற இடமெல்லாம் மடியிலிருந்த பூக்கூடைக்குத் தண்ணீர் தெளித்தார். பாதி என் கோட்டுக்கு.

"பம்பாய்லேருந்தே நாலாயிரம் மைலுக்கு மேலே, அண்ணாச்சி. அம்புட்டும் ஆகாசத்திலே," என்று புலம்பினேன்.

"மைலு கெடக்கட்டும். என்னைக்கு எறங்குவே?"

"பம்பாயிலே மாறி, நாளன்னைக்கு."

"இம்புட்டுதானா? பிச்சின்னா வாடும். கொழுந்து வாடாது, மக்கா. நீ ஏறுகதுக்கு முன்னாலேயே வாடிட்டியே!"

ஒரு மரிக்கொழுந்தைக் கிள்ளி என் சட்டைப் பையில் செருகினார்.

விமானம் குலுங்கியபோதெல்லாம் சாமியை விட்டுவிட்டுச் சட்டைப் பையைத்தான் மோந்தேன். லண்டனில் கால் வைத்தபோது கொழுந்து லேசாகத் தலை சாய்ந்திருந்தது, ஆனால் மணம் போகவில்லை. அப்பாடா என்றிருந்தது.

பூ விற்கிறவர் யாரிடமும் வாடாது என்றுதான் சொல்வார். நல்லவேளை, இறங்கிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது.